டயருக்கும் பருவம் உண்டு



காஞ்சிபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பட்டுத் தறியோடு வாழ்ந்தவர்களுக்குப் பருவத்தின் வலிமை நன்கு தெரியும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு விரிக்க இயலாது. குழித்தறியில் நீர் ஊறும். ஈரக் காற்றில் இழை தன் இயல்பு மாறும். அதே பட்டு, அதே தறி, அதே கைகள். எனினும் பருவம் மாறினால் வேலையும் மாறிவிடுகிறது. பொருள்களுக்கும் பருவம் உண்டு என்னும் இவ்வுண்மையைத் தறியில் கண்டறிந்த நாம், வாசலில் நிற்கும் காரின் சக்கரத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். கறுப்பாகவும் வட்டமாகவும் இருந்துவிட்டால் அது டயர்தான் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இம்மாதம் இதைப் பற்றி எழுத இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, முசரவாக்கம் போன்ற நம் ஊர்களின் அருகிலேயே சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை ஓடுகிறது. திருமணம், பெருநாள், மருத்துவமனை என எதற்காகப் புறப்பட்டாலும் குடும்பத்தோடு அச்சாலையில் ஏறவேண்டியவர்களாக நாம் இருக்கிறோம். இரண்டாவது, நம் பிள்ளைகள் இன்று வளைகுடா நாடுகளுக்கு மட்டுமன்றி, கனடா, ஜெர்மனி போன்ற குளிர் தேசங்களுக்கும் படிப்புக்காகவும் பணிக்காகவும் செல்கிறார்கள். உறைபனி என்பதைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, கோடையில் அங்கே போய் இறங்கி, பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் இருக்கும் டயரோடேயே பனிக்காலத்துக்குள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? அதை எச்சரிக்க வீட்டில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டுமல்லவா?

ரப்பரின் வரலாறே பருவத்தோடு நடத்திய போராட்டம்தான். 1830-களில் அமெரிக்காவில் ரப்பர் காலணியும் மழை அங்கியும் செய்து விற்றவர்கள் பெரும் நட்டமடைந்தனர். கோடை வந்ததும் அப்பொருள்கள் உருகிப் பிசுபிசுத்தன. குளிர் வந்ததும் கல்லாய் இறுகி வெடித்தன. 1839-ஆம் ஆண்டு சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது இரு பருவங்களையும் தாங்கும் என்பதைக் கண்டறிந்தார். இன்று நாம் காணும் டயர்கள் யாவும் அந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளைகளே. ஆயினும் அவர் வென்றது பாதிப் போர்தான். பதப்படுத்திய ரப்பரும் குளிரில் இறுகவே செய்யும்.

அந்த இறுக்கம் எத்தகைய விலையைக் கேட்கும் என்பதை உலகம் 1986 ஜனவரி 28 அன்று பார்த்தது. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். அன்று காலை புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்திருந்த ரப்பர் வளையம் குளிரில் நெகிழ்வை இழந்ததால், வெப்ப வாயு கசிந்து பேரழிவு நேர்ந்தது. விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபெயின்மன் என்னும் இயற்பியல் அறிஞர், அந்த ரப்பரின் சிறு துண்டை நெருக்கிப் பிடித்துப் பனிநீர்க் குவளையில் அமிழ்த்தி எடுத்து, அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை என்பதை எல்லோரும் காணக் காட்டினார். பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஒரு குவளைத் தண்ணீரே போதுமானதாயிற்று.

அதே விளைவுதான் காரின் டயரிலும் நிகழ்கிறது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கைகள்தாம் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட காரையும் அதிலுள்ள உயிர்களையும் தாங்கிப் பிடிக்கின்றன. மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் நெளிந்து இறங்கிப் பற்றிக்கொள்கிறது. ரப்பர் இறுகிவிட்டால் மேலோட்டமாக வழுக்கிச் செல்கிறது.

டயர் செய்வோர் இதனால்தான் பருவத்துக்கு ஒரு கலவை வைத்திருக்கிறார்கள். வேகத்துக்கென்றே செய்யப்படும் விலையுயர்ந்த கோடைக்கால டயர், சூடான சாலையிலும் வளைவுகளிலும் சிறப்பாகப் பற்றுவதற்காக உருவானது. அதன் பட்டன்கள் அகலமானவை. மெல்லிய கீற்றுகள் குறைவு. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் அதன் பிடி குறைகிறது. உறைநிலைக்கும் கீழே ஏழெட்டு டிகிரி போய்விட்டால், அத்தகைய டயரை ஓட்டவே வேண்டாம், ரப்பரில் விரிசல் விழக்கூடும் என்று அவற்றைத் தயாரிப்போரே எச்சரிக்கிறார்கள். பனி பெய்தால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். பனியே இல்லாத உலர்ந்த சாலையிலும் குளிர் மட்டுமே போதும்.

குளிர்கால டயரோ கடுங்குளிரிலும் நெகிழ்ந்திருக்கும் கலவையால் ஆனது. அதன் முகத்தில் கத்தியால் கீறியதுபோல் எண்ணற்ற மெல்லிய கீற்றுகள் இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. பின்லாந்து நாட்டின் ரப்பர் தொழிற்சாலை ஒன்று 1934-ஆம் ஆண்டு லாரிகளுக்கும், 1936-ஆம் ஆண்டு கார்களுக்கும் இத்தகைய டயரைச் செய்து வழிகாட்டியது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், நல்ல உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். உறைந்த சாலையில் உராய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே கார் நிற்பதற்கு ஏறக்குறைய நூறு மீட்டர் வேண்டும். அந்த நூறு மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடமும் அதன் வாசலில் சாலையைக் கடக்கும் குழந்தைகளும் இருக்கலாம். "என் காரில் நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை உண்டு, பிரேக்கும் நவீனமானது" என்று சிலர் பெருமை கொள்வர். நான்கு சக்கர இழுவை, வண்டி கிளம்புவதற்கே உதவும், நிற்பதற்கு உதவாது. நவீன பிரேக்கும் டயருக்கு உள்ள பிடியைச் சரியாகப் பயன்படுத்துமேயன்றி, இல்லாத பிடியை உண்டாக்காது.

அரசுகளும் இதை உணர்ந்திருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாநிலம் 2008-ஆம் ஆண்டு குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. இப்போது அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். தமிழர் மிகுதியாக வாழும் டொராண்டோ நகரைக் கொண்ட ஒன்டாரியோ மாநிலத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல், குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தரவேண்டும் என்ற விதி உள்ளது. ஜெர்மனியில் பனியும் உறைவும் உள்ள சாலையில் குளிர்கால டயரின்றி ஓட்டுவது குற்றம். அக்டோபரில் மாட்டி ஈஸ்டர் பண்டிகையின்போது கழற்றுவது அங்குள்ள மக்களின் வழக்கம். மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனிப்பூ வரைந்த அடையாளம் டயரின் பக்கவாட்டில் இருக்கவேண்டும் என்பதும் அங்கே விதி.

பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர்களே! தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டாயா, குளிருக்குக் கம்பளி வைத்திருக்கிறாயா" என்று கேட்கிறீர்கள். அதோடு, "காருக்கு டயர் மாற்றிவிட்டாயா" என்றும் கேளுங்கள். நான்கையும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டை மட்டும் மாற்றினால் காரின் ஒரு முனை பற்றும், மறு முனை வழுக்கும். வளைவில் வண்டி சுழன்றுவிடும். இரண்டு தொகுதி வாங்குவது வீண் செலவு என்று பிள்ளை சொல்லலாம். ஒன்று ஓடும்போது மற்றொன்று ஓய்வெடுக்கிறது. ஆகவே இரண்டும் கூடுதல் காலம் உழைக்கும். கையிலிருந்து போவது முதல் ஆண்டின் சுமை மட்டுமே. குளிரில் டயரின் காற்றும் சுருங்கும் என்பதையும் சொல்லுங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரு பவுண்டு காற்றழுத்தம் குறையும்.

இனி நம் ஊருக்கு வருவோம். முசரவாக்கத்தில் 7 டிகிரி குளிர் ஒருநாளும் வரப்போவதில்லை. ஆகவே குளிர்கால டயர் நமக்குத் தேவையில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பனிப்பூ அடையாளமுள்ள பழைய வெளிநாட்டு டயரை எவரேனும் தந்தால் வாங்காதீர்கள். நம் வெயிலில் அது அளவுக்கு மீறி இளகும், விரைவில் தேயும், பிரேக் பிடித்தால் நிற்கவும் தாமதிக்கும். பனி தேசத்துக்குச் சென்ற கோடைக்கால டயர் எவ்வளவு தவறோ, வெயில் தேசத்துக்கு வந்த குளிர்கால டயரும் அவ்வளவு தவறு.

அப்படியானால் நம்முடைய ஆபத்தான பருவம் எது? அது மழைக்காலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை நம் வட்டாரத்தை நனைக்கிறது. நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் மழை, சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்து வழுக்கலாக்குகிறது. மழை வலுத்து நீர் தேங்கிவிட்டால் வேறோர் ஆபத்து தோன்றுகிறது. டயரின் பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் வாய்க்காலைப் போல நீரை வெளியேற்ற வேண்டும். வேகம் மிகும்போதோ பள்ளம் தேய்ந்தபோதோ, நீர் வெளியேற நேரமின்றி டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்குகிறது. அப்போது ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. 32 பவுண்டு காற்றுள்ள டயர், தேங்கிய நீரில் மணிக்கு 95 கிலோமீட்டரை நெருங்கும்போது முழுவதும் மிதந்துவிடக்கூடும் என்பது விமானச் சக்கரங்களை ஆராய்ந்து 1960-களில் கண்ட கணக்கு. மொட்டை டயர் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். புதிய டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழமிருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரைக் காரில் ஓட்டக்கூடாது என்பது நம் நாட்டின் விதி. அந்த எல்லை வரும்வரை காத்திராமல், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுவதுதான் அறிவுடைமை.

நம் குடும்பங்களுக்கே உரிய மற்றோர் ஆபத்தும் உண்டு. வளைகுடாவில் பணிபுரியும் மகன் விடுப்பில் வந்தபோது வாங்கிய கார், அவர் திரும்பிச் சென்றபின் பல மாதங்கள் கொட்டகையிலேயே நிற்கிறது. நான்கைந்து ஆண்டு கழித்தும் டயரின் பட்டன்கள் புதிதுபோலவே தெரிகின்றன. "ஓடவே இல்லையே, டயருக்கு என்ன குறை?" என்கிறோம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது. வெயிலும் காற்றும் அதை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றன. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. கனடாவில் ஓர் இரவுக் குளிர் செய்யும் வேலையை, இங்கே சில ஆண்டு வெயில் செய்துவிடுகிறது. குளிரில் இறுகிய ரப்பர் வெயில் வந்தால் மீண்டும் இளகும். வயதால் இறுகிய ரப்பரோ ஒருபோதும் இளகாது. விடுப்பில் வந்த மகன் அந்த டயரை நம்பி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, மழை இரவில் நெடுஞ்சாலையில் விரைகிறார். அந்தப் பயணத்தை நினைத்தால் நெஞ்சு பதறவில்லையா?

டயரின் வயதை அறிவது எளிது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டுங்கள். பத்து ஆண்டு கடந்துவிட்டால், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழித்துவிடுங்கள். டிக்கியில் உறங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். புதிய டயர் வாங்கும்போதும் கடைக்காரரிடம் விலையை மட்டும் கேட்காமல், இந்த நான்கு எண்களையும் பார்த்து வாங்குங்கள்.

மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்னும், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பாகக் காற்றளவைப் பாருங்கள். காற்று குறைந்த டயர் மழையில் எளிதாக மிதக்கும். கத்திரி வெயிலிலோ அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கும். டிசம்பர், ஜனவரியில் உதகைக்குச் செல்வோர் உறைபனி விழும் அதிகாலையில் மலைப்பாதையில் இறங்காமல், வெயில் ஏறும்வரை பொறுத்திருங்கள். மணாலி, காஷ்மீர் பக்கம் பனி பார்க்கச் செல்வோர், நம் ஊர் டயரை நம்பிக் காரோட்டாமல் உள்ளூர் வண்டியையும் உள்ளூர் ஓட்டுநரையும் அமர்த்திக்கொள்ளுங்கள்.

நம்முடைய பெருநாள்கள் பிறையைப் பின்பற்றி ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னோக்கி நகர்ந்து, எல்லாப் பருவங்களையும் சுற்றிவருபவை. தந்தை சுடும் வெயிலில் சென்ற பெருநாள் பயணத்தை, மகன் கொட்டும் மழையில் செல்ல நேரும். "எத்தனையோ முறை போன பாதைதானே" என்று எண்ணிப் புறப்பட வேண்டாம். பாதை அதேதான்; பருவம் வேறு. நம் காஞ்சி மாவட்டத்திலேயே, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும், பெரிய டயர் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. நாட்டுக்கே டயர் செய்து தரும் மண்ணில் வாழும் நாம், நம் வாசலில் நிற்கும் நான்கு டயர்களைக் குனிந்து பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கக்கூடாதா? இன்று மாலையே அந்த நான்கு எண்களைப் படித்துப் பாருங்கள்.