விளக்கை அணைத்த வீடு

பசியோடு ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். நபியவர்கள் தம் துணைவியரின் வீடுகளுக்குச் சொல்லியனுப்பினார்கள். தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை என்றே பதில் வந்தது. இவருக்கு விருந்தளிப்பவர் யார் என்று நபியவர்கள் கேட்டதும், மதீனாவாசியான அன்சாரித் தோழர் ஒருவர் முன்வந்தார். முஸ்லிம் நூலின் ஓர் அறிவிப்பில் அவர் பெயர் அபூதல்ஹா (ரலி) என வருகிறது.

அவர் வீட்டில் பிள்ளைகளுக்கான உணவு மட்டுமே இருந்தது. மனைவி பிள்ளைகளைத் தூங்க வைத்தார். விருந்தாளி முன் உணவை வைத்தபின், விளக்கைச் சரிசெய்வது போல எழுந்து அணைத்துவிட்டார். இருட்டில் கணவனும் மனைவியும் சாப்பிடுவது போலக் காட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு படுத்தார்கள். தமக்கே தேவை இருந்தும் பிறருக்கு முதலிடம் தருவோரைப் புகழும் திருக்குர்ஆனின் 59ஆம் அத்தியாயம், 9ஆம் வசனம் இதையொட்டி அருளப்பட்டதாக புகாரி நூலில் காண்கிறோம்.

பிள்ளைகளைப் பட்டினி போடலாமா என்று பெற்றோர் கேட்கலாம். அந்தப் பிள்ளைகள் பசியால் வாடியிருக்கவில்லை. வாடியிருந்தால் அவர்களுக்கு உணவளிப்பதே முதல் கடமை என்று இமாம் நவவி விளக்கியிருக்கிறார். பெற்றோர் விட்டுக்கொடுத்தது தங்கள் பங்கைத்தான்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த விளக்கு. தன்னால் இவர்கள் பட்டினி என்று தெரிந்தால் விருந்தாளிக்கு ஒரு கவளம்கூட இறங்காது. அதை அந்தப் பெண்மணி யோசித்திருக்கிறார். நாமோ வயிறாரச் சோறு போட்டுவிட்டு, “உங்களுக்காக எவ்வளவு சிரமப்பட்டேன் தெரியுமா?” என்று ஒரே வார்த்தையில் அதைக் கசப்பாக்கிவிடுகிறோம்.

விருந்தாளிக்கும் ஒரு பண்பு உண்டு. 622இல் மக்காவிலிருந்து ஹிஜ்ரத் வந்தவர்களை மதீனாவாசிகளோடு நபியவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சம்பாதித்தார். சில காலத்தில் திருமணமும் செய்துகொண்டார். ஓர் ஆட்டையாவது அறுத்து விருந்து கொடுக்கும்படி நபியவர்கள் அவரிடம் சொன்னார்கள். அடைக்கலம் தேடி வந்தவர், விருந்து வைக்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டார்.

வேலை தேடி வந்து நம் வீட்டில் தங்கும் தம்பி, தங்கைகளை நினைத்துப் பார்க்கிறேன். சோறு போடுவோம்; ஆனால் சொல்லிக் காட்ட வேண்டாம். கூடவே அவர்களுக்குக் கடைத்தெருவையும் காட்டுவோம். நாளை அவர்கள் வீட்டிலும் ஒருவர் பசியாறுவார்.