கூச்சப்படாமல் கேளுங்கள், ரெண்டு இட்லி!

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமே! முல்லைப் பெரியாறு பாயும் நெல் வயல், பந்தல் பந்தலாகத் திராட்சை, மேலே மேகமலை. காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், லாட்ஜைத் தேடாமல் கிராமத்து ஹோம் ஸ்டேயில் தங்குவது நல்ல விஷயம்தான். வீட்டுச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்காது.

ஆனால் ஒன்றில் கோட்டை விடுகிறோம். போன இடத்தில் 'எனக்குச் சர்க்கரை' என்று சொல்லக் கூச்சம்! வீட்டுக்காரம்மா ஒன்பது மணிக்குத்தான் இலை போடுவார். அப்பாவோ ஏழு மணிக்கே இன்சுலின் போட்டுக்கொண்டு, "அவங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்று வெறும் வயிற்றோடு மலையேறக் கிளம்பிவிடுவார்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்தபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை மடமடவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். ஓட்டுகிறவரே அவர் என்றால்?

உடனே வண்டியை ஓரங்கட்டுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

இத்தனை அவஸ்தை எதற்கு? முதல் நாள் ராத்திரியே, "காலையில ஏழு மணிக்கு ரெண்டு இட்லி கிடைக்குமாம்மா?" என்று கேட்டுவிடுங்கள். தேனிப் பக்கத்தில் எந்த அம்மா முகம் சுளிக்கப் போகிறார்?