பிணையில் வருபவனை யார் தேடி வருகிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு நடந்தால் சுற்றிவளைப்பு, கைது, விளக்கமறியல் என்பதே வழமையான பதில். பிணையில் வரும் இளைஞன் அடுத்து என்ன செய்வான் என்று கேட்பவர்கள் குறைவு.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. பயிற்சி இருக்கிறது. ஆனால், போரில் உழைப்பாளியை இழந்த வீட்டில், சாதாரண தரத்துடன் நின்று கூலிக்குப் போகும் பெடியனால் மாதக்கணக்கில் வருமானமின்றி வகுப்பில் இருக்க முடியாது.

கராஜில் பழகிய தொழிலையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறை என்.வி.கியூவில் உண்டு. அது கிராமங்களுக்கு வரவேண்டும். பயிற்சிக்காலப் படியும் வேண்டும். தொழில் எல்லா வாள்களையும் கீழே போடவைக்காது. ஆனாலும் பிணையில் வந்தவனை முதலில் தேடி வருவது பழைய கூட்டாளியாக இருக்கக்கூடாது.