பிரகாசம் எடையாகுமா?

சுமார் 1.2 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் எம்82 காலக்ஸியில் நட்சத்திரங்கள் வெகுவேகமாகப் பிறக்கின்றன. 1999-ல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி (நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியதுதான்) அங்கே மையத்தை விட்டு விலகி, மிதமிஞ்சிப் பிரகாசிக்கும் ஓர் எக்ஸ் கதிர் மூலத்தைத் துல்லியமாகக் காட்டியது. எம்82 எக்ஸ்-1 என்று அதற்குப் பெயர்.

கருந்துளையில் விழும் வாயு சூடேறி எக்ஸ் கதிர்களை வீசுகிறது. அந்த ஒளியே பின்னால் விழவரும் வாயுவை வெளியே தள்ளவும் செய்கிறது. ஆகவே ஒரு பொருள் எவ்வளவு பிரகாசிக்கலாம் என்பதற்கு அதன் எடையை ஒட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. இதற்கு எடிங்டன் வரம்பு என்று பெயர். அந்தக் கணக்கில் எக்ஸ்-1-க்குப் பல நூறு சூரியன்களின் எடை வேண்டும். தனியொரு நட்சத்திரம் மடிந்து அத்தனை பெரிய கருந்துளை உருவாவது கடினம்.

விடை பக்கத்திலேயே இருப்பதாகத் தோன்றியது. எக்ஸ்-1 இருக்கும் இடத்தை ஒட்டி எம்ஜிஜி-11 என்ற இளம் நட்சத்திரக் கொத்து இருக்கிறது. சைமன் போர்ட்டெகீஸ் ஸ்வார்ட் குழுவினர் 2004-ல் அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். கனத்த நட்சத்திரங்கள் மையத்துக்கு அமிழ்ந்து, ஒன்றோடொன்று மோதி ஒட்டி, 800 முதல் 3000 சூரிய எடையுள்ள ஒரே நட்சத்திரமாகி, பிறகு கருந்துளையாகச் சுருங்கின. காலக்ஸி மையங்களின் பூதக் கருந்துளைகளுக்கு விதை கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள்.

2014 ஒரு விசித்திரமான ஆண்டு. ஆகஸ்டில், எக்ஸ்-1-இன் ஒளித் துடிப்புகளை வைத்து அதன் எடை சுமார் 400 சூரியன்கள் என்று ஒரு குழு அறிவித்தது. அக்டோபரில், அதன் அண்டைவீட்டுக்காரரான எக்ஸ்-2, 1.37 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதை நியூஸ்டார் தொலைநோக்கி கண்டது. கருந்துளை இப்படிச் சீராகத் துடிக்காது. அது ஒரு நியூட்ரான் நட்சத்திரம். வெறும் ஒன்றரைச் சூரிய எடையை வைத்துக்கொண்டு எடிங்டன் வரம்பைப்போல் நூறு மடங்கு ஒளிர்கிறது! பிறகு வேறு காலக்ஸிகளிலும் இத்தகைய துடிப்பிகள் கிடைத்தன.

ஆக, பிரகாசத்தை வைத்து எடை சொல்ல முடியாது. அப்படியானால் கொத்துடன் உள்ள உறவு பொய்யா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆன்டெனா காலக்ஸிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான முடிவு இங்கே முக்கியம். அங்குள்ள பிரகாச மூலங்கள் மிக இளம் கொத்துகளின் அருகில்தான் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் உள்ளே இல்லை. நெரிசலில் உதைபட்டு வெளியேறிய இரட்டை நட்சத்திரங்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். அதாவது கொத்து அவற்றின் பிறந்த வீடு. பிறந்த ஊரைச் சொல்லலாம், அதை வைத்து ஆள் யாரென்று சொல்லிவிட முடியாது.

இடைநிலைக் கருந்துளைக்கான வலுவான சாட்சியம் 2024-ல் வந்தது, அதுவும் எக்ஸ் கதிர் இல்லாமல். நம் பால்வீதியிலுள்ள ஒமேகா சென்டாரி என்னும் முதிய கொத்தின் மையத்தில் ஏழு நட்சத்திரங்கள் அதிவேகமாக ஓடுகின்றன. இருபதாண்டு ஹப்பிள் படங்கள் இதைக் காட்டின. அவற்றைப் பிடித்து வைத்திருக்கக் குறைந்தது 8200 சூரிய எடை அங்கே வேண்டும்.

வெளிச்சத்தை அளந்தவர்கள் தடுமாறினார்கள். ஈர்ப்பை அளந்தவர்களுக்கு இருட்டிலேயே அது அகப்பட்டது. எக்ஸ்-1 யாரென்பது தீர்வதும் அதைச் சுற்றுவதின் வேகத்தை யாராவது அளக்கும் நாளில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.