14 ஆண்டு இடைவெளியில் ஒரே பாட்டு

லிங்கின் பார்க் குழுவின் 'கிராலிங்' பாடலுக்கு மேடைப் பதிவுகள் எத்தனையோ உண்டு. முறையாக ஆல்பமாக வெளிவந்தவற்றில் இரண்டை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2003 நவம்பரில் வந்த 'லைவ் இன் டெக்சஸ்'. மற்றது, 2017 டிசம்பரில் வந்த 'ஒன் மோர் லைட் லைவ்'. இரண்டிலும் பாடுபவர் செஸ்டர் பென்னிங்டன்தான். முதலாவதில் அவருக்கு வயது 27. இரண்டாவது கடைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பெற்றோருக்காக ஒரு சின்ன அறிமுகம். ராக் கிதாரோடு ராப், ராப்போடு டிஜேயின் தட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நெஞ்சைக் கிழிக்கும் ஒரு குரல். இதுதான் லிங்கின் பார்க். முதல் ஆல்பம் 'ஹைப்ரிட் தியரி' 2000-இல் வந்தது, அடுத்தது 'மீட்டியோரா' 2003-இல். ராப் பாடும் மைக் ஷினோடாவின் தந்தை ஜப்பானிய வம்சாவளி. டிஜே ஜோ ஹான் கொரிய வம்சாவளி. நம்மூர் வகுப்பறை மாதிரி ஒரு கலவை. கிள்ளானிலும் செந்தூலிலும் அவர்களை நம் பையன்கள் சொந்தக்காரர்கள்போல் நினைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2003 அக்டோபர் 15ஆம் தேதி அவர்கள் மெர்டேக்கா அரங்கத்திலேயே வந்து பாடினார்கள். மேடையில் அரைக்கால் சட்டை கூடாது என்ற நிபந்தனை அப்போது பாட்டைவிடப் பெரிய செய்தியானது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 2, 3 தேதிகளில், டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டனிலும் இர்விங்கிலும் பதிவானதுதான் 'லைவ் இன் டெக்சஸ்'. இரண்டு ஊர், இரண்டு இரவு, கோத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். டிவிடியில் 17 பாடல், கூடவே வந்த சிடியில் 12. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது லிங்கின் பார்க் தனியாக நடத்திய நிகழ்ச்சி அல்ல. மெட்டாலிக்காவின் பெரிய சுற்றுப்பயணம் அது. இவர்கள் நடுவில் வந்துபோகும் குழு. கூட்டத்தில் பாதிப் பேராவது வேறு யாருக்கோ டிக்கெட் வாங்கி வந்தவர்களாக இருப்பார்கள். அப்படிப்பட்ட கூட்டம் 'இன் தி எண்ட்' வரும்போது வரி தப்பாமல் பாடுகிறது. தனியறையில் தலையணையில் முகம் புதைத்துக் கேட்கிற பாட்டு அது. அதை அரங்கமே சேர்ந்து பாடும்போது, தனிமை என்பது இத்தனை பேருக்கும் பொதுவானதா என்று கேட்பவருக்கு ஓர் அதிர்ச்சி வரும். ஸ்டூடியோப் பதிவில் இது கிடையாது. அதனால்தான் எனக்கு மேடைப் பதிவு வேண்டும்.

நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய கச்சேரி ஒலிநாடாக்களை அவர்கள் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்! இடையில் யாரோ இருமுவார், முன்வரிசையில் ஒருவர் "பலே" என்பார், பக்கவாத்தியக்காரர் சுருதி பார்ப்பார். ஸ்டூடியோ ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், ஆனால் வியர்வை இருக்காது. பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் ஒரு நிகழ்ச்சியை நேரில் கேட்டுவிட்டு வந்தவர் அடுத்த நாள் அதே பாட்டைச் சிடியில் கேட்டால் ஏமாந்துபோவதும் இதனால்தான்.

சரி, 'கிராலிங்'. தன்னைத் தானே கட்டுப்படுத்த முடியாமல் தத்தளிக்கும் ஒருவன் பாடுவது. 2002-இல் கிராமி விருது வாங்கியது. டெக்சஸ் பதிவில் முதலில் கீபோர்டின் மெல்லிய இழை, கண்ணாடியில் விரலால் தட்டுவது போல. கூட்டம் அதைக் கேட்டதுமே கத்த ஆரம்பித்துவிடும். பிறகு கிதாரும் டிரம்ஸும் ஒன்றாக விழும், அதன்மேல் செஸ்டரின் குரல். பல்லவியில் அவர் பாடுவதும் கத்துவதும் வேறுவேறு அல்ல. சுருதி விலகாமல் தொண்டை கிழிகிறது. செய்து பாருங்கள், முடியாது. இரண்டாவது பல்லவிக்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பது காதில் விழும். எனக்கு அந்த ஒரு மூச்சுக்காகவே இந்தப் பதிவு பிடிக்கும்.

அப்போது நான் எஸ்பிஎம் எழுதும் வருடம். பாசார் மாலாமில் வாங்கிய தட்டு வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா ஒரு நாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன்டா, இவன யாராச்சும் போட்டு அடிக்கிறாங்களா?" என்றார். வீடே சிரித்தது.

அம்மாவின் கேள்விக்குப் பதில், ஆமாம் என்பதுதான். சிறுவனாக இருந்தபோது பல வருடம் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதையும், பள்ளியில் அடிபட்டதையும், பிறகு போதையில் விழுந்ததையும் செஸ்டரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்த இசையைக் 'காட்டுக் கத்தல்' என்று ஒதுக்குகிற நம் வீடுகளில் ஒப்பாரி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். மாரில் அடித்துக்கொண்டு அழும் பாட்டியை யாரும் சுருதி சரியில்லை என்று சொல்வதில்லை. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் உறுமி அதிரும்போது காதைப் பொத்திக்கொள்வதும் இல்லை. வலியைச் சத்தமாகச் சொல்ல நமக்கு வழக்கமும் வாத்தியமும் இருக்கின்றன. ஆனால் ஆண்பிள்ளை, அதுவும் பதினேழு வயதில், எதைச் சத்தமாகச் சொல்லலாம்? சாவு வீட்டில்கூட அவனைப் பந்தல் போட அனுப்பிவிடுகிறோம்.

இப்போது 2017. ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் எடுத்த பதிவுகளிலிருந்து தொகுத்தது 'ஒன் மோர் லைட் லைவ்'. அந்த ஆண்டு மே மாதம் வந்த 'ஒன் மோர் லைட்' ஆல்பத்தைப் பழைய ரசிகர்கள் பலர் ஏசினார்கள். கிதாரைக் காணோம், பாப் ஆகிவிட்டார்கள் என்றார்கள். ஸ்டூடியோ ஆல்பத்தைப் பொறுத்தவரை அந்தக் குறையில் பாதியை நானும் ஒப்புக்கொள்வேன். மேடையில் கதை வேறு. 'கிராலிங்' வருகிறது. டிரம்ஸ் இல்லை, கிதார் இல்லை, கத்தல் இல்லை. ஒரு பியானோ, அவ்வளவுதான். 41 வயது மனிதர் அதே வரிகளை அடக்கி, இறக்கி, கிட்டத்தட்டப் பேசுவதுபோல் பாடுகிறார். முன்பு இரைச்சலுக்குப் பின்னால் மறைந்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நிற்கின்றன. பல்லவியில் உயரத்தைத் தொடும் வேலையைக் கூட்டம் எடுத்துக்கொள்கிறது. 2003-இல் அவர் கத்தியதை 2017-இல் மற்றவர்கள் அவருக்காகப் பாடுகிறார்கள்.

இதற்கு முந்தைய பாடல் 'ஒன் மோர் லைட்'. குழுவோடு வேலை செய்த ஒரு தோழி புற்றுநோயில் இறந்தபோது பிறந்த பாட்டு. கூட்டத்தில் ஒருவர் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரியும் என்று பதில் சொல்கிற பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது சுலபமில்லை. அந்தப் பயணத்தின் கடைசி நிகழ்ச்சி ஜூலை 6, பர்மிங்ஹாமில். சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூலை 20ஆம் தேதி, செஸ்டர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மேடையில் சிரித்தார், ரசிகர்களின் கையைப் பிடித்தார், பாடினார். பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் ஒருவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நாம் முடிவு செய்வதும் பெரும்பாலும் இப்படித்தான். (பேச ஆள் வேண்டும் என்பவர்களுக்கு: கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும்.)

அவர் இறந்த பிறகு அந்தப் பதிவை வெளியிட்டதைச் சிலர் வியாபாரம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஆல்பம் இல்லாவிட்டால், செஸ்டர் என்றால் கத்தியவர் என்றே பலர் நினைத்திருப்பார்கள். அடங்கிய குரலிலும் அவரால் ஒரு கூட்டத்தைப் பிடித்து நிறுத்த முடிந்தது என்பதற்கு இதுவே சாட்சி. ராப் பாடகர் ஸ்டோர்ம்ஸி வந்துபோகும் 'குட் குட்பை' மட்டும் எனக்கு ஒட்டவில்லை, தாண்டிவிடுகிறேன்.

2017 அக்டோபர் 27ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸின் ஹாலிவுட் பவுல் அரங்கில் அஞ்சலி நிகழ்ச்சி நடத்தினார்கள். இணையத்தில் நேரலை. நமக்கு அது சனிக்கிழமை காலை. பல பாடல்களுக்கு வேறு பாடகர்கள் வந்தார்கள். 'நம்ப்' பாட்டுக்கு மட்டும் யாரையும் அழைக்கவில்லை. பூச்சுற்றிய ஒரு மைக் ஸ்டாண்டின்மேல் வெளிச்சம் விழுந்தது. குழு வாசித்தது, கூட்டம் முழுப் பாட்டையும் பாடியது.

புதிதாகக் கேட்பவர்கள் டெக்சஸ் சிடியிலிருந்து தொடங்கலாம். கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வருவதற்குள் 12 பாடலும் முடிந்துவிடும். 'நம்ப்', 'கிராலிங்', 'இன் தி எண்ட்' மூன்றும் கடைசியில் வரிசையாக வரும், சுபாங் ஜெயாவில் தூங்கிவிடாதீர்கள். 2017 பதிவைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காதில் மாட்டும் கருவி இருந்தால், அந்தப் பியானோ 'கிராலிங்'கின் முடிவில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள். கடைசி வரிக்குப் பிறகு கூட்டம் கை தட்டத் தொடங்குவதற்கு முன்னால் அவர் குரல் அடங்குகிற அந்த நொடி, ரயில் சத்தத்தில் தவறிவிடும்.