ஒரு கண்டுபிடிப்புக்குப் பல பேடண்டுகளா?

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் பேடண்டு ஆபீஸ் 2024-ம் வருஷம் மே மாதத்தில் ஒரு புதிய விதியின் நகலை வெளியிட்டது. அதே வருஷம் டிசம்பரில் அதைக் கைவிட்டும் விட்டது. வேலைப் பளுவும் வசதிக் குறைவும் காரணமாகச் சொல்லப்பட்டன. இது வக்கீல்களின் விவகாரந்தானே என்று வாசகர்கள் தள்ளிவிடக் கூடும். தெருவில் குழி தோண்டும் தொழிலாளியின் உயிருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்பதே நமது அபிப்பிராயம்.

அமெரிக்க நகரங்களில் தரைக்கடியில் காஸ் குழாய், மின்சாரக் கம்பி, தண்ணீர்க் குழாய், சாக்கடை எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தல் வேண்டும். 2007 முதல் நாடெங்கும் இந்த எண் அமலில் இருக்கிறது. ஆட்கள் வந்து தரையில் காஸுக்கு மஞ்சளும், மின்சாரத்துக்குச் சிவப்பும், குடிநீருக்கு நீலமும், சாக்கடைக்குப் பச்சையுமாக வர்ணக் கோடு இட்டுப் போவார்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஆபத்து ஒரே அளவினதன்று. குழாயின் வகை, செய்யப் போகும் வேலை, அவ்விடத்தில் முன்பு நேர்ந்த விபத்துகள் ஆகியவற்றைக் கொண்டு, எங்கே அபாயம் அதிகம் என்று கம்ப்யூட்டர் மூலம் முன்கூட்டிக் கணிக்கும் முறைகள் தோன்றியிருக்கின்றன. அனுபவசாலியான ஆளை அங்கே அனுப்பலாமல்லவா? நல்ல காரியந்தான். கண்டுபிடித்தவனுக்குப் பலன் கிடைக்க வேண்டுமென்பதையும் நாம் மறுக்கவில்லை.

எத்தனை தடவை கிடைக்க வேண்டும் என்பதே கேள்வி. இத்தகைய கணிப்பு முறையை ஒரு மனுவில் 'முறை' என்று கோரலாம். அடுத்த மனுவில் 'இயந்திரம்' என்று கோரலாம். மூன்றாவதில் மண்ணின் ஈரத்தையும் கணக்கில் சேர்த்ததாகச் சொல்லி மறுபடி கோரலாம். விவரணம் ஒன்றே, கோரிக்கையின் வாசகம் மட்டும் மாறும். அமெரிக்கச் சட்டமோ கண்டுபிடித்தவன் 'ஒரு பேடண்டு' பெறலாம் என்று ஒருமையில்தான் பேசுகிறது. முதல் பேடண்டிலிருந்து அற்ப மாறுதலே உள்ளதற்கு இரண்டாவது பேடண்டு கூடாதென்று கோர்ட்டுகள் வகுத்த கொள்கைக்கே 'இரட்டைப் பேடண்டுத் தடை' என்று பெயர்.

தடை உண்டு, தப்பும் வழியும் உண்டு. பரிசோதகர் ஆட்சேபித்தால், "முதல் பேடண்டு முடியும் நாளில் இதுவும் முடியட்டும், இரண்டும் ஒருவர் கையிலேயே இருக்கும்" என்று மனுதாரர் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆட்சேபம் அத்துடன் தீர்ந்தது. இரண்டும் ஒன்றே என்று ஒப்புக்கொண்டதாகவும் அதற்கு அர்த்தமில்லையாம்! காலம் முடிவு நாளில் கட்டுப்படுகிறது, எண்ணிக்கை கட்டுப்படுவதில்லை. சிறு கண்டிராக்டர் ஒருவர் மேல் ஐந்து பேடண்டுகளைக் காட்டி வழக்குத் தொடுத்தால், ஐந்தையும் தனித்தனியே உடைத்தாக வேண்டும். அவ்வளவு பணத்துக்கு அவர் எங்கே போவார்?

இது வெறும் கற்பனையல்ல. குழாய்களைக் கண்டறிந்து குறியிடும் வேலையின் மின்னணுப் பதிவுகள் சம்பந்தமாக, செர்ட்டஸ்வியூ என்ற கம்பெனி தனது ஐந்து பேடண்டுகளைக் காட்டி ஒரு போட்டிக் கம்பெனியின் மேல் 2013-ல் வர்ஜீனியாவில் வழக்குத் தொடுத்தது. வழக்குக்குள்ளான கோரிக்கைகள் வெறும் கருத்தளவானவை, பேடண்டுக்கு உரியவை அல்ல என்று 2015-ல் ஜில்லா கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2017-ல் அப்பீல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. தீர்ப்பு இரட்டைப் பேடண்டுக் கொள்கையின் மேல் எழுந்ததன்று. ஆயினும் எதிர்வாதி எத்தனை வருஷம் கோர்ட்டு வாசலில் நிற்க நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கைவிடப்பட்ட விதி இந்த இடத்தைத்தான் தொட்டது. இவ்வாறு எழுதிக் கொடுத்துப் பெற்ற பேடண்டு எந்தப் பேடண்டுடன் பிணைக்கப்பட்டதோ, அதன் ஒரு கோரிக்கையேனும் முன்பே தெரிந்த விஷயம் என்று இறுதியாக விழுமாயின், பிணைந்ததையும் அமல் நடத்த முடியாது என்றது அது. ஒரு கோரிக்கையின் குற்றத்துக்காக மற்றவற்றைத் தண்டிப்பதா என்று எதிர்ப்பாளர் கேட்டனர். நியாயமான கேள்வியே. ஆனால் உண்மையில் வேறான கண்டுபிடிப்பு என்று நம்புகிறவர் அப்படி எழுதிக் கொடுக்காமல், பரிசோதகருடன் வாதாடி வென்றிருக்கலாமே! பிணைப்பின் சௌகரியத்தைப் பெற்றவர் அதன் பாரத்தையும் சுமக்கத்தான் வேண்டும்.

கோர்ட்டுகளோ ஒரு நிலையில் நிற்கவில்லை. ஆபீஸின் தாமதத்துக்கு ஈடாகச் சேர்த்த நாட்களையும் கணக்கிட்டு 2023-ல் செலெக்ட் கம்பெனியின் நான்கு பேடண்டுகள் செல்லாதென்றார்கள். 2024-ல் முதலில் மனுச் செய்து முதலில் பெற்ற பேடண்டைப் பின்னால் வந்த குட்டிப் பேடண்டு கவிழ்க்காதென்றார்கள். இரண்டாவது வழக்கின் எதிர்வாதி நமது ஹைதராபாத்தின் மருந்துக் கம்பெனி என்பது குறிப்பிடத் தக்கது.

நமது நாட்டிலும் தோண்டுமுன் தெரிவிக்கும் ஏற்பாட்டைச் சர்க்கார் 2023 மார்ச்சில் ஆரம்பித்திருக்கின்றனர். அதன் பதிவுகள் பெருகினால் அபாயக் கணிப்பு மனுக்களும் இங்கே வந்து சேரும். பிரித்த மனுவில் முந்தைய மனுவின் கோரிக்கை இடம்பெறலாகாதென்று நமது சட்டத்தின் 16-வது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரே பேடண்டு என்று டில்லி ஹைகோர்ட்டும் 2021-ல் ஒரு மருந்து வழக்கில் வலியுறுத்தியிருக்கிறது. எழுதிக் கொடுத்துத் தப்பும் அமெரிக்க வழியை இங்கே திறக்க இடம் தராமல், கோரிக்கைகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும்படி பேடண்டு உத்தியோகஸ்தர்களுக்குச் சர்க்கார் இப்பொழுதே கண்டிப்பான உத்தரவு அனுப்ப வேண்டும்.