கடலை இலைப்புள்ளி: பூஞ்சாண வித்தா, காற்றுக் குமிழியா?

கேள்வி: நிலக்கடலை இலைப்புள்ளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்க என்ன கண்ணாடி வாங்கலாம்?
- வாசகர், திருவண்ணாமலை

பதில்: 75 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலமுள்ள சாதாரண ஸ்லைடு போதும். குழி ஸ்லைடு தேவையில்லை. ஓரம் மழுக்கியதாக வாங்கினால் விரல் கிழியாது. கவர்ஸ்லிப் 22 மி.மீ. சதுரம், 0.17 மி.மீ. தடிமன் இருக்கட்டும், தடிமன் கூடினால் 40 எண் லென்சில் உருவம் மங்கும். ஈரம் படாமல் வையுங்கள். பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இலையின் அடிப்புறப் புள்ளியைப் பிளேடால் சுரண்டி, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் கலக்கவும். கவர்ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்கினால் குமிழி குறையும். டிக்கா வித்து நீண்டு, குறுக்குத் தடுப்புகளுடன் இருக்கும். துரு நோய் வித்து உருண்டையாகப் பழுப்பு நிறத்தில் தெரியும். கறுத்த தடித்த விளிம்புடன் நடுவில் வெளிச்சமாகத் தெரிவது காற்றுக் குமிழி. அதை வித்தென்று நினைத்து மருந்தடித்தால் காசுதான் வீண்.

சந்தேகம் தீராவிட்டால் இலையைக் காகிதத்தில் மடித்து வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியில் காட்டுங்கள்.